ரெட்டைக் கட்டில் போர்வை

"கூரைக்குத் தகரம் கிடைக்கலை. இவளுக்குப் போர்வை கேக்குது, அதுவும் ரெட்டைக் கட்டிலுக்கு!"

ரோஸ் பெல் ஊர்க் கோயில் வாசலில் பெண்கள் வாயில் அன்றும் தனலட்சுமிதான் அரைபட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கரோல் புயலில் அவள் புருஷன் திருவேங்கடத்தின் தையல் கடை அடியோடு போய்விட்டது. "இனிமே ஊசியைத் தொடமாட்டேன்" என்று முடங்கின மனுஷன், சாப்பாட்டுக்கும் கூப்பிட்டால்தான் எழுந்தார்.

இந்த லட்சணத்தில், பொத்தான்கூடத் தைக்கத் தெரியாத தனலட்சுமி, பக்கத்து வீட்டு ஜினெட்டிடம் போய் தாப்பி மாந்தியான் கற்றுக்கொடு என்று நின்றாள். வெட்டுத்துணிகளை ஒட்டுப் போட்டுத் தைக்கிற போர்வை அது. பழகின கைக்கே மாதக்கணக்கில் இழுக்கும்.

"முதல்ல ஒரு தலையணை உறை தைச்சுப் பழகு, தனம்."

"சின்னதெல்லாம் வேண்டாம். ரெண்டு பேர் போர்த்துற மாதிரி!"

ஜினெட் தலையில் அடித்துக்கொண்டாள்.

தனம் தைத்தாள். அடடா, என்ன தையல்! ஒரு முனை ரோஸ் பெல்லில் புறப்பட்டால் மறுமுனை கடலோரச் சுயாக் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

"அய்யோ போந்தியே, கடவுளே! பிரிச்சுட்டுத் திரும்பத் தை."

"இருக்கட்டும் ஜினெட், வீட்டுல பார்த்துக்கறேன்" என்று சுருட்டிக்கொண்டு போய்விடுவாள்.

மறுநாள் கொண்டுவந்தால் தையல் நூல் பிடித்த மாதிரி இருக்கும். 'பரவாயில்லையே, தேறிட்டா!' என்று ஜினெட்டுக்கே பெருமை.

ஒரு நாள் மத்தியானம் கத்தரிக்கோல் கேட்டு ஜினெட் அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். மூக்குக்கண்ணாடியும் மடியில் போர்வையுமாக திருவேங்கடம்!

"இவளும் இவ தையலும்! பார்க்கச் சகிக்கலை" என்று முணுமுணுத்தவர், ஜினெட்டைக் கண்டதும் பதறிப்போனார். "அவகிட்ட சொல்லிடாதேம்மா. தானே தைச்சதா நினைச்சு சந்தோஷப்படறா, பாவம்."

ஜினெட் நேரே கொல்லைக்குப் போனாள். தனம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அடி கள்ளி! புருஷன் தைக்கிறார், பேர் உனக்கா?"

"மெதுவாப் பேசு! எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது." தனத்தின் கண் கலங்கிவிட்டது. "கோணல் தையலைக் கண்டா அவரால சும்மா இருக்க முடியாது. நேத்து அவரே சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ஜினெட்."

ஜினெட் ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தாள்.

"சரி, அதுக்கு ஒரு தலையணை உறை போதாதா? எதுக்கு இவ்வளவு பெரிசு?"

"சின்னதுன்னா சீக்கிரம் முடிஞ்சுடுமே. அவர் மனசு ஆற வேண்டாமா?"