ஜட்ஜின் வெள்ளைச் சட்டை

"அடிப்பாவி! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

சமையலறை வாசலிலேயே சர்வேயர் நின்றுவிட்டார்.

உள்ளே அவர் மனைவி, கையில் காலி வாளியோடு. எதிரே ஜட்ஜ். பளிச்சென்று போட்டு வந்த வெள்ளைச் சட்டை, கழுத்திலிருந்து தொப்பை வரைக்கும் சிவப்பாக நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தாடையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அது சாதாரண வாளி இல்லை. ஒயினை வாயில் விட்டுச் சுழற்றி, ருசி பார்த்துவிட்டுத் துப்புகிற வாளி. நாலு பேர் எச்சில்.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் அந்த வீட்டில் இதுதான். பாட்டிலுக்குப் பழைய சாக்ஸை மாட்டி லேபிளை மறைப்பார்கள். என்ன ஒயின் என்று தெரியாமலே மோந்து, ருசித்து, சீட்டில் மார்க் போடுவார்கள். சர்வேயர், அவர் மனைவி, அவர் தங்கை வீட்டுக்காரர், ஜட்ஜ் ஆக நாலு பேர்.

ஜட்ஜ் நிஜ ஜட்ஜ் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். மார்க் போடுவதில் படு கறார் என்பதால் அந்தப் பெயர். சர்வேயர் தேடிப் பிடித்து வாங்கிய பாட்டிலுக்கு அவர் பத்துக்கு ஏழு போட்டுவிட்டால், அந்த வாரம் முழுக்க சர்வேயர் தரையில் நடக்க மாட்டார்.

அதைவிடப் பெரிய விஷயம், ஜட்ஜ் ஒரு சொட்டுக்கூட விழுங்க மாட்டார். "உள்ள போச்சுன்னா அது குடி. ரசிக்கிறவன் துப்பிடுவான்" என்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

அன்றைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"மிளகு வாசம் வருது" என்றாள் மனைவி, மூன்றாவது கிளாஸை மோந்துவிட்டு.

"இல்ல, மழை விட்ட தோட்டம் மாதிரி இருக்கு" என்றார் சர்வேயர்.

"எனக்கு ஒயின் வாசம்தான் வருது" என்றார் தங்கை வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

வாளியைக் காலி பண்ணிவிட்டு வருகிறேன் என்று வழக்கம்போல ஜட்ஜ் எழுந்து போனார். கொஞ்ச நேரம் கழித்து, ரொட்டி எடுத்து வர மனைவியும் உள்ளே போனாள். "ஐயோ சார்!" என்று அவள் குரல். சர்வேயர் ஓடி வந்து பார்த்தால் இந்தக் கோலம்.

"என்னடி இது?"

"நான்தான் ஊத்தினேன்."

"எச்சிலையா? இவர் மேலயா? எதுக்கு?"

"கோபம் வந்துச்சு, ஊத்தினேன். இனிமே இந்த வீட்ல யாரும் பாட்டிலைத் திறக்கக் கூடாது."

ஜட்ஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க பேசாதீங்க சார். வீட்டுக்குக் கிளம்புங்க."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் போனார். அடுத்தது தன் மேல்தான் என்று பயந்தவர் போல, தங்கை வீட்டுக்காரரும் பின்னாலேயே நழுவிவிட்டார்.

அவள் அதோடு விடவில்லை. மேஜையில் இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து தொட்டியில் கவிழ்த்தாள். ஆறு மாசமாக சர்வேயர் ஆசை ஆசையாகப் பொத்தி வைத்திருந்த நாலாவது பாட்டிலும் களக் களக்கென்று போய்ச் சேர்ந்தது.

சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"அண்ணிக்கு என்ன, பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று போனில் கத்தினாள் தங்கை.

"வயசான மனுஷன் மேல எச்சிலைக் கொட்டினியாமே! உன்னை இப்படியா வளர்த்தேன்?" என்று அழுதாள் மாமியார், பெற்ற மகளிடம்.

"கோபத்துல புத்தி கெட்டுப் போச்சும்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டாள் அவள்.

சர்வேயர் அவளோடு பேசுவதை விட்டார். படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார். ஜட்ஜுக்கு எத்தனையோ தடவை போன் போட்டார். அவர் எடுக்கவே இல்லை.

நாலாவது வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், ஜட்ஜே வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். மனைவி வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

சர்வேயர் காலில் விழாத குறை. "சார், அவ பண்ணினதுக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னே தெரியல."

ஜட்ஜ் அவரை விசித்திரமாகப் பார்த்தார்.

"வீட்ல உங்ககிட்ட எதுவுமே சொல்லலையா?"

"நாங்க பேசிக்கிறதே இல்ல சார்."

"குடியை நிறுத்த வைத்தியம் எடுத்துக்கிட்டிருக்கேன் தம்பி. மறுநாளே என்னைக் கூட்டிட்டுப் போய் ஆஸ்பத்திரியில சேர்த்துவிட்டது அவங்கதான். இன்னைக்குத்தான் வெளிய விட்டாங்க."

"குடியா? நீங்களா? ஒரு சொட்டு விழுங்க மாட்டீங்களே!"

"உங்க கண்ணு முன்னாடி விழுங்க மாட்டேன்."

 

"அப்படியே இருக்கட்டும் சார். அதுக்காக உங்க மேல எச்சில் வாளியைக் கொட்டலாமா?"

 பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் ஜட்ஜ் சொன்னார்:

"அவங்க எங்க கொட்டினாங்க? வாளி என் வாயில இருந்துச்சு தம்பி. உங்க காலடிச் சத்தம் கேட்டதும், வெடுக்குனு பிடுங்கித் தன் கையில வச்சுக்கிட்டாங்க."