சுருண்டுபோன இழை

"சார், என் இழையை யாரோ வேணும்னே கெடுக்கறாங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த ஆராய்ச்சி மாணவி இப்படிப் பொரிந்து தள்ளி அவர் பார்த்ததில்லை.

எலி வாலிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரத இழை. அதை உடம்புச் சூட்டில், முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் ஊறவைத்து, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. காலையில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. மதியம் நுண்ணோக்கி அறைக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டுப் புது இழையைப் போட்டால், சுருண்டு ரப்பராகிவிடுகிறது. அறுபது டிகிரியை ஒட்டிப் போனால்தான் அப்படி ஆகும். தண்ணீர்த் தொட்டியில் சூட்டைத் திருகி வைக்கும் குமிழோ சமர்த்தாக முப்பத்தேழில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அளவுகளைத் தராவிட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான்.

"யார் மேல சந்தேகம்?"

வேறு யார்? அதே அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்காரர் மேல்தான். இழை, தண்ணீர், சூடு எல்லாமே அவருக்குத் திரையில்தான். அவள் மாதக்கணக்கில் செய்வதைத் தான் அரை மணியில் கணக்குப் போட்டுவிடுவேன் என்று கூட்டத்தில் சொன்ன மகானுபாவர். அன்றிலிருந்து அவரோடு அவளுக்குப் பேச்சில்லை.

மறுநாள் நுண்ணோக்கி அறைக்குக் கிளம்புவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பேராசிரியரையும் இழுத்துக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் பதுங்கினாள். பேராசிரியரின் தொப்பை மட்டும் பதுங்க மறுத்தது.

கம்ப்யூட்டர்காரர் எழுந்து வந்தார். குமிழை எழுபதுக்குத் திருகினார். முதுகு மறைக்க, ஏதோ ஒரு டிபன் பாக்ஸைத் தொட்டியில் இறக்கினார். இவர்களுக்குக் கால் கடுத்த பிறகு அதை எடுத்துத் துடைத்து, குமிழை முப்பத்தேழுக்குத் திருப்பினார்.

அவள் பாய்ந்தாள். "என் பட்டம் உங்களுக்கு அடுப்பா?"

அவர் குமிழைக் காட்டினார். "முப்பத்தேழுல திருப்பி வெச்சுட்டேனே..."

கம்ப்யூட்டரில் அப்படித்தான். எண்ணை மாற்றினால் அந்த நொடியே சூடும் மாறிவிடும்.

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். "நிஜத் தண்ணி ஆற வேணாமாய்யா? உன் சாப்பாட்டை ஆறினபடியே சாப்பிட்டா என்ன?"

"என்னோடது இல்ல சார்." பாக்ஸை அவள் பக்கம் நீட்டினார். "ஆறின சாப்பாடு இறங்க மாட்டேங்குது, பாதியைக் கொட்டிடறேன்னு இவங்க ஒரு நாள் அம்மாகிட்ட போன்ல சொன்னாங்க. கூட்டத்துல நான் பேசினது தப்பு. அதைச் சொல்லலாம்னா, முகம் குடுத்துப் பேசினாத்தானே?"

அவள் பாக்ஸை வாங்கிக்கொண்டாள். அரை டிகிரி வித்தியாசத்தைக்கூட விடாமல் பிடிக்கிறவள், காலையில் கட்டின சாப்பாடு மதியம் ஆவி பறக்கிறதே, எப்படி என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.