அழாத பிள்ளை

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற குறைமாதக் குழந்தையின் குதிகாலில், இரத்தம் எடுக்க ஊசி இறங்குகிறது. முகம் சுருங்கவில்லை, சத்தமில்லை. வெளியே பஸ் ஒன்று மழைநீரைச் சீறியடித்துக்கொண்டு போகிறது. "என்ர பிள்ளைக்கு நோகாது, அழவே மாட்டான்" என்றபடி டிலக்சனா மகனின் நெற்றியில் சிலுவை போடுகிறாள். நர்ஸ் பிரீத்தா இன்றுதான் அவன் உள்ளங்காலில் ஒரு புது மிஷினின் வயரை ஒட்டியிருக்கிறாள். அதன் திரையில் தட்டையாய் ஓடிய பச்சைக் கோடு செங்குத்தாய் எகிறுகிறது. "மிஷின்ல ஏதும் பிழையோ?" என்கிறாள் டிலக்சனா. "மிஷின் சரியாத்தாங்க இருக்கு. வலிச்சா உள்ளங்கால் வேர்க்கும், வேர்த்தா தோல்ல கரன்ட் அதிகமா ஓடும். அழத்தான் இன்னும் தெம்பு வரல." சிலுவை போட்ட விரல் அந்தரத்தில் நிற்கிறது. டிலக்சனா மகனின் மற்றக் குதிகாலை மெல்லத் திருப்புகிறாள். பழைய ஊசிப் புள்ளிகள் நெருக்கமாய்க் கறுத்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் "கெட்டிக்காரன்" என்று சிரித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.