முதல் குடத் தண்ணீர்

"நிலம் கொடுக்கிறவங்க கையால சாமிக்கு முதல் குடத்தை ஊத்தச் சொல்லுங்க" என்றார் கரண்ட் லைன் போடுகிற இன்ஜினியர்.

சுப்புத்தாய் குடத்தோடு தயங்கி நின்றாள். ஆடிக் காற்று அடித்த அடியில் தண்ணீர் தளும்பிச் சேலையை நனைத்தது.

"அவ ஊத்தக் கூடாது சார். நான் ஊத்துதேன்" என்று அண்ணன் பெண்டாட்டியான மதினி பார்வதி முன்னால் வந்து குடத்தைப் பிடித்தாள்.

இன்ஜினியர் வெளியூர்க்காரர். அவருக்கு இதெல்லாம் புரியவில்லை. நிலம் அந்தம்மாவுடையதுதானே, அவரே ஊற்றட்டும் என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார்.

மதினிக்குக் கையை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் சுப்புத்தாயின் காட்டில் ஜே.சி.பி. வந்து நின்றிருந்தது. பூசை முடிந்ததும் டவருக்குக் குழி தோண்டப் போகிறார்கள். டவரின் நாலு காலும் அவள் காட்டில்தான் இறங்கும். அதை விட்டால் அவளுக்கு வேறு காடு இல்லை. புருஷன் போன பிறகு அப்பா பிரித்துக் கொடுத்தது. அதில் விளைந்த உளுந்திலும் மக்காச்சோளத்திலும்தான் மகள் வனிதா கோவில்பட்டிக்குப் படிக்கப் போகிறாள்.

உளுந்து என்றதும் காலையில் பட்ட எரிச்சல் திரும்ப வந்தது. சாமிக்கு வடை சுட்டுக் கொண்டுவர நினைத்திருந்தாள். வீட்டில் ஆட்டுரல் இருக்கிறது, குழவி இல்லை. கல் கொத்துகிறவன் வந்திருக்கிறான், உன்னுடையதையும் சேர்த்துக் கொத்தி வாங்கி வைக்கிறேன் என்று மதினி சித்திரையில் தூக்கிப் போனதுதான். கேட்கும்போதெல்லாம் அவன் இன்னும் கொண்டுவந்து தரவில்லை என்கிறாள். கடைசியில் சுப்புத்தாய் கடையில் பொரிகடலை வாங்கி வந்தாள்.

வடை தின்னும் யோகம் சாமிக்கு இல்லை.

கருப்பசாமி இருப்பது வரப்புக்கு இந்தப் பக்கம், அண்ணன் வன்னியபெருமாள் காட்டில். மஞ்சளைக் குழைத்து அப்பி, சிவப்புத் துணி சுற்றி, அரளி மாலை போட்டிருந்தார்கள்.

சுற்றிலும் காற்றாலைகள். தூக்கிக்கொண்டு போகிற மாதிரி காற்று அடித்தும் பாதிக்கு மேல் சும்மா நின்றன. அத்தனை கரண்டையும் பழைய லைன் தாங்காதாம். ஓட்டப்பிடாரம் பக்கமிருந்து ஒவ்வொரு காடாகத் தாண்டி வந்த புது லைன் இங்கே வந்து நின்றுபோனது. இது சப்ஸ்டேஷனைத் தொட்டால்தான் எல்லாம் சுற்றும் என்று இன்ஜினியர் வருகிறபோதெல்லாம் புலம்புவார்.

முதலில் அளவெடுத்தது அண்ணன் காட்டில்தான். சிவப்பு பெயிண்ட் பூசிய முளைக்குச்சிகூட அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமே அந்த இடத்தில் கருப்பசாமி வந்துவிட்டார். காலங்காலமாக மண்ணுக்குள் கிடந்த சாமி, ஏர் முனையில் தட்டுப்பட்டது என்றான் அண்ணன். தனக்குக் கனவில் முன்பே சொல்லிவிட்டது என்றாள் மதினி. சாமி மேல் கடப்பாரை போட யாருக்குத் துணிச்சல் வரும்? லைன் ஒரு காடு தள்ளிப் போயிற்று.

"சாமி காரியம் தாயி. நாமதான் விட்டுக் குடுக்கணும்" என்று அண்ணன் வீடு தேடி வந்து கண் கலங்கினான். அவளும் விட்டுக் கொடுத்தாள். கூடப் பிறந்தவன் பேச்சைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து கும்பிட்டாள். தாலி அறுத்தவள் கிட்டே வரக் கூடாது என்று மதினி சொன்னதால் வரப்பிலேயே நின்றாள். உழுகிறதுக்குக் கொஞ்சம் இடமாவது மிச்சம் வையப்பா என்று வேண்டிக்கொண்டதும் இந்தச் சாமியிடம்தான்.

இன்றைக்குத்தான் இவ்வளவு கிட்டே வந்திருக்கிறாள்.

குடத்தைச் சாய்த்தாள்.

மஞ்சள் கரைந்து வழிந்தது. துணி நனைந்து நழுவியது. சாமியின் உச்சந்தலையில் ஒரு குழி தெரிந்தது. அதன் ஓரத்தில் கல் சில்லுப் பெயர்ந்திருந்தது.

சுப்புத்தாய் பெருவிரலை அந்தக் குழிக்குள் விட்டுப் பார்த்தாள்.

அதில் செருகுகிற வேப்பங்கட்டைக் கைப்பிடி அவள் வீட்டு அடுப்படியில் கிடக்கிறது. சில்லுப் பெயர்ந்தது வனிதா கைக்குழந்தையாக இருந்தபோது. வாசல்படியில் உருட்டிவிட்டதற்கு சுப்புத்தாயின் புருஷன் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவள் மதினியைப் பார்த்தாள். மதினி காற்றாலையைப் பார்த்தாள். அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

காடு போவதுகூட அப்புறம். வரப்பில் நின்று வாரா வாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டாளே, அதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.

காலிக் குடத்தைக் கீழே வைத்தாள். கல்லை இரண்டு கையாலும் அணைத்து அசைத்தாள். தண்ணீர் குடித்த கரிசல் இளகிக் கொடுத்தது.

"அம்மா, என்ன பண்றீங்க? சாமிம்மா" என்று இன்ஜினியர் பதறினார்.

கல்லைத் தூக்கிக் குடம் இருந்த இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக் கொழவி சார். மாவாட்டணும். வாரேன்."

கல் இருந்த பள்ளத்தில் சிவப்பு முளைக்குச்சி சாய்ந்து கிடந்தது. இன்ஜினியர் குனிந்து அதைப் பார்த்துவிட்டு வன்னியபெருமாளை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் ஜே.சி.பி. ஓட்டுகிறவரை இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சுப்புத்தாய் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் ஜே.சி.பி. வரப்பு ஏறுகிற சத்தம் கேட்டது.