முதுகில் ஓர் ஆந்தை

“முகமூடி போட்டா முகத்தைத் தேடுவாங்க மச்சான். முகத்தைப் பார்க்கவே தோணாதபடி பண்ணணும். அதுக்குத்தான் இந்த ஜாக்கெட்” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய டெனிம் ஜாக்கெட், ஆபரேஷனுக்குத் தயாரான நோயாளிபோலக் கைகளை விரித்துக் கிடந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவியின் தம்பி கொட்டாவி விட்டான். லிஃப்ட் ஏன் நின்றது என்று கேட்டாலே கம்பி, கப்பி, பிரேக் என்று அரை நாள் விளக்குகிற மனிதர் அவர். கடிகாரக் கடையைக் கொள்ளையடிப்பது என்று முடிவு செய்துவிட்ட பிறகு சும்மா இருப்பாரா?

“மனுஷன் கண்ணு ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மேயும். பளபளன்னு ஒண்ணைக் காட்டிட்டா, அதை மாட்டியிருக்கிறவன் கிழவனா குமரனான்னு சொல்லத் தெரியாது. வேலை முடிஞ்சதும் ஜாக்கெட்டை எரிச்சிடுவோம். அவங்க தேடற ஆளே உலகத்துல இருக்கமாட்டான்.”

“அதுக்குக் கடையில ஒரு மினுமினுப்புச் சட்டை வாங்கினாப் போதாதா மாமா?”

“வாங்கினா, வித்தவன் சாட்சிக்கு வந்து நிப்பான். நம்ம கையால பண்ணினா சாட்சி ஏது?”

உப்புத்தாளை எடுத்து முழங்கைப் பக்கம் தேய்த்தார். “இந்த நூலைப் பாரு. சாயம் மேலாகத்தான் ஒட்டியிருக்கும், உள்ளே இறங்காது. அதான் தேய்ச்சதும் வெள்ளை எட்டிப் பார்க்குது.” மார்புப் பக்கம் முழுக்கப் பித்தளைக் குமிழ்களைக் குத்தி, பின்பக்கம் அவற்றின் கால்களைக் குறடால் மடக்கினார். முதுகில்தான் அவருடைய உயிரே இருந்தது: ஒரு பெரிய ஆந்தை. பழைய கழுத்து டைகளை வெட்டி இறகு. ஒவ்வொரு இறகையும் மேல்முனையில் மட்டும் தைத்தார். அப்போதுதான் நடக்கும்போது படபடக்குமாம். திரைச்சீலை வளையங்கள் கண்கள் ஆயின. கிழிந்த ஷூவின் நாக்கு, மூக்கு ஆனது.

கம்பெனி மாறுவேடப் போட்டிக்கு என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அவளும் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் நலம் விசாரிப்பாள்.

“என்னங்க, கோழி எந்த மட்டுல இருக்கு?”

“கோழி இல்லை. ஆந்தை.”

“ஆந்தையா? அடைக்கு உட்கார்ந்த மாதிரியில்ல இருக்கு! இதை நீங்கதான் தச்சீங்கன்னு வெளியில சொல்லிடாதீங்க. மானம் போயிடும்.”

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். மெக்கானிக் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இன்னும் நாலு இறகு தைத்தார்.

கொள்ளை, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல முடிந்தது. உயரத்தில் இருந்த கேமராவுக்கு முகம் தெரியாதபடி மெக்கானிக் தலையில் ஒரு தொப்பி, மற்றவர்களுக்கு ஜாக்கெட். வாசலில் பைக்கோடு மைத்துனன். விலை உயர்ந்த கைக்கடிகாரங்கள் மொத்தமும் ஒரு பையில்.

மொட்டை மாடியில் ஜாக்கெட்டை எரிக்கும்போதுதான் சங்கடம். இறகுகள் சுருள ஆரம்பித்ததும் மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைத்துனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“போலீஸ் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதீங்க மாமா. எனக்கு உங்க பெருமையை நினைச்சாத்தான் பயம். பீத்திக்கிட்டீங்க, ரெண்டு பேரும் உள்ளேதான்.”

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தபோது மைத்துனனும் அங்கே இருந்தான். கடிகாரக் கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பார்த்தவர் என்ற முறையில் ஒரு விசாரணை, அவ்வளவுதான். சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

“பெரிய தலைவலிங்க” என்று அலுத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர். “ஒருத்தர் நெட்டைங்கிறார், ஒருத்தர் குட்டைங்கிறார். பொம்பளையாக்கூட இருக்கலாம்ங்கிறார் முதலாளி. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது இந்த ஜாக்கெட் மட்டும்தான். இதை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?”

செல்போனில் கேமராப் படம். ஆந்தை இறகு விரித்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குக் கண் கலங்கும்போல இருந்தது.

“பார்த்ததில்லை சார்.”

“எவனோ நடைபாதைக் கடையில வாங்கியிருப்பான். மட்டமான மெஷின் வேலை.”

மெக்கானிக்கின் காது மடல் சிவந்தது. மைத்துனன் அவரையே வெறித்தான்.

“தைக்கக்கூடத் தெரியலை பாருங்க. பசை போட்டு ஒட்டிவிட்டிருக்கான்.”

மெக்கானிக்கின் வாய் திறந்தது. மைத்துனனின் மூச்சு நின்றது.

“ஆ... ஆமா சார்” என்றார் மெக்கானிக், தன் குழந்தையை யாருடையதோ என்று சொல்லும் தகப்பன் குரலில். “வெறும் பசை வேலைதான்.”

மைத்துனனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து ஷூ மாட்டக் குனிந்தார். மிக்ஸி நின்றது. மனைவி தண்ணீர் டம்ளரோடு வெளியே வந்தாள்.

இன்ஸ்பெக்டர் செல்போனைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துச் சிரித்தார். “போயும் போயும் முதுகுல ஒரு கோழி!”

மனைவி எட்டிப் பார்த்தாள். டம்ளரை ‘ணங்’கென்று மேஜையில் வைத்தாள்.

“கோழியா? கண்ணை நல்லாத் திறந்து பாருங்க சார், ஆந்தை! எங்க வீட்டுக்காரர் இதே மேஜையில உட்கார்ந்து, ஒவ்வொரு இறகா அவர் கையாலயே தச்சது!”