செவ்வாய்க்கு ஒத்திகை

முய்னாக் பாலைவனத்தில், கம்பிவேலிக்கு வெளியே மூன்றாவது வெள்ளிக்கிழமையாக நின்றாள் ஜுமாகுல். இறந்த கணவனுக்காகச் சுட்ட ஏழு ரொட்டிகள் துணிக்குள் ஆறிக்கொண்டிருந்தன.

"உள்ளே போய் ஒரு துஆ ஓதிட்டு வந்துடறேன், தம்பி."

"எத்தனை தடவை சொல்றது, அக்கா? செவ்வாய்க் கிரகத்துல குடியேறுறதுக்கு இங்கேதான் ஒத்திகை. ரொட்டித்தூள் விழுந்தாலே மண்ணு கெட்டுடும்" என்றான் பொறியாளன் தல்கத்.

"செவ்வாய்ல மனுஷங்க குடும்பமே நடத்தலாம், நான் இங்கே அஞ்சு நிமிஷம் நிக்கக் கூடாதா?"

"அங்கே கடலையே உண்டாக்கப் போறோம், தெரியுமா?"

"தாராளமா உண்டாக்குங்க. இப்போ வழி விடு."

அவன் எரிச்சலோடு வரைபடத்தை விரித்தான். "ஒவ்வொரு அடியும் அளந்தாச்சு, எல்லாம் வெறும் மணல். உங்க வீட்டுக்காரர் கல்லறை எங்கே இருக்கு, காட்டுங்க!"

"கல்லறை ஏது? உடம்பே கிடைக்கலையே" என்றாள் அவள். "அவரோட மீன்படகு இந்த இடத்துலதான் மூழ்கிச்சு."