இரண்டு பேரின் சிரிப்பு

மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் சேர்ந்து சிரித்த சத்தம். கேட்டு மாதங்கள் ஆகியும் அது அவள் காதை விட்டுப் போகவில்லை.

பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவள் அவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். ஒரு ஜலதோஷத்தோடு அந்தக் குரல் போனது. ஜலதோஷம் விட்டது, குரல் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்று. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், இல்லாவிட்டால் பதிவு செய்த குரலை வைத்துக்கொள்கிறோம் என்று மேலதிகாரி சொல்லியாகிவிட்டது.

இப்போது புது டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணைக்கு நாத்தனார்.

"இவருக்கும் தெரிஞ்சிருக்குமோ?" என்று கிசுகிசுத்தாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

"என்னது?"

"புகார் கொடுத்தவ நான்தான்னு. டாக்டருங்க எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. பார்க்க மாட்டேன்னுட்டா?"

"தெரிஞ்சா தெரியட்டுமே அண்ணி! அழுதுக்கிட்டு வெளிய வந்தவங்களைப் பார்த்துச் சிரிச்சது அந்த டாக்டரம்மா. நாம எதுக்கு ஒளியணும்?" என்று சீறிய நாத்தனார், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "எதுக்கும் அவங்க பேரை எடுக்காதீங்க."

அன்று அந்த டாக்டரம்மா தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள ஒரு குறையும் இல்லையே" என்றார். "கொஞ்சம் வெளிய உட்காருங்க. மறுபடி கூப்பிடறேன்."

குறையே இல்லாமலா ஒருத்திக்குக் குரல் போகும்? நடிக்கிறேன் என்கிறாரா? கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். அடுத்து உள்ளே போனவர் ஒரு பாட்டு டீச்சர். அவருக்கும் குரல் இல்லை. எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தார். கதவு சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு.

பாட்டு டீச்சருக்குத்தான் குரலே கிடையாதே. அப்படியானால் டாக்டரம்மாவும் உள்ளே இருந்த நர்ஸும்தான். தன்னைப் பற்றித்தான்.

கூப்பிடும்வரை அவள் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் ஆஸ்பத்திரி மேலிடத்துக்குச் சுடச்சுடப் புகார் எழுதினாள். "நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்க அண்ணி."

போட்டாள்.

புது டாக்டர் சின்ன வயசுக்காரர். "இதுக்கு முன்னாடி யார்கிட்ட காட்டினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல டாக்டர்," நாத்தனார் முந்திக்கொண்டாள். "வெந்நீர், உப்பு, அவ்வளவுதான். பஸ் நிலையத்துல அறிவிப்பு சொல்றவங்க. இப்ப எந்த பஸ் எங்க நிக்குதுன்னு தெரியாம ஜனங்க முழிக்குது, எங்க அண்ணன் மட்டும் வீட்ல நிம்மதியா இருக்கார்."

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்தார். "உள்ள ஒரு குறையும் இல்லையே."

அதே வார்த்தை.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவளை ஒரு கணம் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார்.

கொஞ்சநஞ்சச் சிரிப்பில்லை. அடிவயிற்றில் தொடங்கி, நடுவே விக்கல் மாதிரி ஒரு தட்டுத் தட்டி, மேலே மேலே ஏறும் சிரிப்பு. அவள் திடுக்கிட்டாள். இது அதே சிரிப்பு!

"என்ன டாக்டர் இது..." என்று ஆரம்பித்த நாத்தனாருக்கே பாதியில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது இவளையும் தொற்றியது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. தொண்டையிலிருந்து எதுவோ உடைத்துக்கொண்டு வந்தது.

சத்தம். அவளுடைய சத்தம்.

"விடாதீங்க! அப்படியே பஸ் அறிவிப்பைச் சொல்லுங்க!" என்றார் டாக்டர்.

"பயணிகளின்... கவனத்திற்கு..."

கரகரத்தது. ஆனால் குரல்தான். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சிலருக்கு இப்படி ஆகும்மா. போன குரல் திரும்பி வர வழி தெரியாம நிக்கும். பேச்சு மறந்தாலும் தொண்டைக்குச் சிரிப்பு மறக்காது. ஆனா சிரிக்க வைக்கப்போறேன்னு முன்னாடியே சொல்லிட்டா வராது."

"இந்தச் சிரிப்பு..." என்றாள் அவள்.

"என்னோடது இல்ல. எனக்குச் சொல்லிக்கொடுத்த டாக்டரம்மாவோடது." அவர் கையைக் கழுவப் போனார். "கடைசியா ஒரு பாட்டு டீச்சருக்குச் சிரிச்சுக் குரலை வரவழைச்சாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரிச்சாங்களாம். அடுத்தது இன்னொருத்தங்க, இதே தொந்தரவு, வெளிய உட்கார வச்சிருந்தாங்க. கூப்பிட்டா ஆளைக் காணோம். மறுநாள் புகார் வந்து நிக்குது. நோயாளியைப் பார்த்து டாக்டர் சிரிக்கிறாங்கன்னு."

நாத்தனார் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தை வெகு கவனமாகப் பார்க்கத் தொடங்கினாள்.

"யார் கொடுத்ததுன்னு..." அவள் வார்த்தை பாதியில் நின்றது.

"கேட்டேன். பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. 'குரல் இல்லாதவங்க வேற எப்படித்தான்யா சத்தம் போடுவாங்க, விடு'ன்னாங்க."

குரல் வந்துவிட்டது. சொல்ல வேண்டியது மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. "நன்றி டாக்டர்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

டாக்டரம்மா இன்னும் அதே அறையில்தான் நோயாளிகளைப் பார்க்கிறார். கதவைத் திறந்தே வைத்திருக்கிறார். சிரிப்பதில்லை.